பீப்பாய்க் கணக்கு

எனக்குத் தெரிந்து விஸ்மா கார்க்லேவுக்கு
எர்னெஸ்ட்ஸ் பூர்மாலிஸைப் பிடிக்காது.
நகராட்சி கேட்டது: அவர் இறந்து ஐம்பது ஆண்டு,
இருபது நிமிடத்துக்கு ஓர் அஞ்சலி,
பாதிப் பணம் முன்கூட்டியே.
அவள் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.
சரி என்றாள்.

வியோலா வரிசையில் கடைசி நாற்காலி என்னுடையது.
மெட்டு எங்கள் பக்கம் வருவது அபூர்வம்.
வயலின்கள் பாடும், செல்லோக்கள் பெருமூச்சு விடும்,
நடுவில் அவித்த உருளைக்கிழங்கு மாதிரி நாங்கள்.
அதனால் வேடிக்கை பார்க்க நேரம் உண்டு.
பிப்ரவரி முழுக்க அவளைப் பார்த்தேன்.

பூர்மாலிஸை உங்களுக்குத் தெரிந்திருக்காது,
லியெபாயாவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது.
இரண்டு வால்ட்ஸ், ஒரு கல்யாண ஊர்வல இசை,
பள்ளிப் பிள்ளைகள் ஜூனில் பாடும் ஒன்று.
எல்லாம் தலைவாரிய இசை.
வகிடு நேராக.

துறைமுகச் சுங்கத்தில் எழுத்தர், முப்பத்தொரு வருஷம்.
காகிதம் கிடைக்காத காலம்.
கழித்துப்போட்ட படிவங்களின் பின்புறத்தில்
அடிக்கோல் வைத்து ஐந்தைந்தாய்க் கோடிழுத்து எழுதினார்.
காப்பகத்தில் மூன்று அட்டைப்பெட்டிகள்.
மூன்றாவதில்
ஒரு தாள் கைநழுவி விழுந்ததாம்,
கவிழ்ந்து விழுந்ததாம்.

ஹெர்ரிங் மீன், உப்பிட்டது, பீப்பாய் 17.
ஹெர்ரிங், பீப்பாய் 9. அதில் கசிவு 2.
கயிறு. தார். ஹெர்ரிங், பீப்பாய் 22.
ஓரத்தில், எந்தக் கணக்கிலும் சேராமல்:
மூடுபனி. கப்பல் இல்லை.
மறுநாளும்: மூடுபனி.
அதற்கு மறுநாள், தேதி மட்டும்.

அன்றிரவே எழுத உட்கார்ந்தேன் என்றாள்,
பீட்ரூட் சூப்பை ஊதி ஊதி,
என்னிடம் இல்லை, டிம்பனிக்காரர் தாலிவால்டிஸிடம்.
அடுத்த மேசையில் நான்
ரொட்டியை மெல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆக, எங்கள் தாளில் இருப்பது மீன் கணக்கு.
பதினேழு தட்டு, ஒரு மூச்சு.
ஒன்பது தட்டு, அதில் இரண்டு கசிய வேண்டும்:
வில்லைத் தளர்த்தி, தந்தியை அழுத்தாமல்,
பலகை இடுக்கில் உப்புநீர் ஊறுவதுபோல.
முதல் ஒத்திகையில் ஒருவருக்கும் கசியத் தெரியவில்லை.
"அழகாக இருக்கிறது, அதுதான் தப்பு.
சுங்க அதிகாரிக்குத் தெரியாமல் ஒழுக வேண்டும்" என்றாள்.

கடைசி நாற்காலிக்கு வாழ்வில் முதல் தனிவரி:
நான்தான் மூடுபனி.
நாற்பத்தோரு கட்டம், ஒரே சுரம்,
ஏறாமல் இறங்காமல்.
கேட்கிறவருக்கு ஒன்றுமில்லை,
வாசிக்கிறவனுக்குத் தோள்பட்டை போய்விடும்.

அரங்கேற்றத்தன்று முன்வரிசையில்
பூர்மாலிஸின் தம்பி மகள் ஆவ்ஸ்மா.
வால்ட்ஸுக்காகக் காத்திருந்தார்.
மேயரும் காத்திருந்தார்.
மீன் வந்தது. கயிறு வந்தது. தார் வந்தது.
நிகழ்ச்சி நிரலை மடித்து
யாரோ விசிறிக்கொண்டார், மார்ச் குளிரில்.

என் பனியின் முப்பதாம் கட்டத்தில்
அது வந்தது.
தாளின் மறுபுறம் ஊறிய மை
இந்தப் பக்கம் தெரியுமே, அப்படி:
கடைசிச் சுரம் முதலாகி
முதல் சுரம் கடைசியாகி
இடவலம் புரண்ட வால்ட்ஸ்.
அரங்கத்தில் யாரும் கண்டுகொள்ளவில்லை.
ஆவ்ஸ்மாவின் விரல் மட்டும்
மூன்றுக்கொரு தரம்
கைப்பைக் கொக்கியைத் தட்டியது.

கை கடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று பட்டது.
ஜன்னலில் கப்பல் வராத கடல்,
மேசையில் ஒரு படிவம், திருப்பிப் போட்டால் வெறுமை.
நாளெல்லாம் கசிவை எண்ணியவன்
கசியாத ஒன்றைச் செய்து பார்க்க
ஆசைப்பட்டிருப்பான்.
அந்த நேர் வகிட்டை
இனி நான் கேலி செய்ய மாட்டேன்.

கைதட்டல் அளவாக.
விஸ்மா மேடையேறி, பாதி குனிந்து, இறங்கிப் போனாள்.
பூர்மாலிஸை இப்போது பிடிக்கிறதா என்று
தாலிவால்டிஸ் கேட்டதற்கு
"அவர் கையெழுத்து பிடிக்கும்" என்றாளாம்.
மீதிப் பணம் ஏப்ரலில் வந்தது, கூரை சரியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து என் தாளைத் திருப்பினேன்.
காலி.
வாடகை. மின்சாரம். வில்லுக்குப் பிசின் 1.
தோளுக்குத் தைலம் 2
என்று பென்சிலால் எழுதி
பெட்டிக்குள் வைத்தேன்.